பிரெஞ்சில் தொண்ணூற்று மூன்று

எங்கள் அக்கா எஸ்.எஸ்.எல்.சி.யில் பிரெஞ்சு மொழிக்குத் தொண்ணூற்று மூன்று மார்க் வாங்கிய வருடம், கொரட்டூரில் எங்கள் தெருவே அவளை வெள்ளைக்காரியாகப் பார்த்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். அவருடைய அப்பா காலம் வரை வயல் கூலிதான் எங்களுக்கு. அந்த மார்க் ஷீட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு அவர் வேலைக்குப் போகாததுதான் பாக்கி.

அக்காவுக்கு பிரெஞ்சு மேல் ஒரு ஆசையும் கிடையாது. எட்டாம் வகுப்பு வரை தமிழில் அவள்தான் முதல். "தமிழ்ல மாஞ்சி மாஞ்சி எழுதுனாலும் அறுவதத் தாண்டாது, பிரெஞ்சுன்னா மார்க்கு கொட்டும்" என்று பக்கத்து லேத்துக்காரர் ஓதிவிட, நைனா அவளை ஒன்பதாவதில் பிரெஞ்சுக்கு மாற்றிவிட்டார். இரண்டு நாள் அழுதாள். நான் தமிழில் நாற்பத்தாறு வாங்குகிற ஜாதி, எனக்கு அவள் மேல் ஒரே பொறாமை.

அந்த ஜூன் மாதம் புது மெஷின் பூட்ட பிரான்சிலிருந்து ஒரு இன்ஜினீயர் வந்து இறங்கினார். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை. மூன்று மாதம் கூடவே இருந்து அவர் பேசுவதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றார்கள். "என் பொண்ணு கீது சார்" என்று நைனா மேனேஜரிடம் முந்திக்கொண்டார். அந்தச் சம்பளம் வந்தால்தான் அக்காவுக்குக் காலேஜ், இல்லாவிட்டால் இல்லை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அக்கா மட்டும் போக மாட்டேன் என்று முனகினாள். யார் கேட்டார்கள்? துணைக்கு நானும் பாவாடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மேனேஜர் அறையில் அந்த இன்ஜினீயர் சிரித்தபடி அக்காவிடம் என்னவோ கேட்டார். அக்கா திருதிருவென்று முழித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்தாள் பாருங்கள், மூச்சு விடாமல், மழை கொட்டின மாதிரி! நைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மேனேஜரைப் பார்த்தார். எனக்கு மட்டும் சந்தேகம். அந்த ராகம் எனக்குத் தெரியும். பரீட்சைக்கு முன்னால் மாதக்கணக்கில் வீட்டில் கேட்டது. 'ரயில் பயணம்' கட்டுரை அது. இன்ஜினீயர் மறுபடியும் மெதுவாக ஏதோ கேட்டார். அக்கா 'பசு' கட்டுரையை எடுத்துவிட்டாள்.

அவர் மேனேஜரிடம் தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னார். மேனேஜர் நைனா பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, டீ குடிக்கிறியாம்மான்னுதான் அவர் கேட்டிருக்கார். உன் பொண்ணு பசுவுக்கு நாலு காலுங்குதே!"

நைனாவின் முகத்தை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடி வாங்கினவர் மாதிரி நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் நைனா கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. கேள்வித்தாளை எடுத்துவரச் சொன்னார்.

"தொண்ணூத்தி மூணு எப்டி போட்டானுங்க? சொல்லு."

அக்கா தலையைக் குனிந்தபடி சொன்னாள். "பிரெஞ்சுல இருக்குறத இங்கிலீஷ்ல மாத்தி எழுதுனா நாப்பது. எலக்கணம், கோடிட்ட எடம், அதுக்கு ஒரு நாப்பது. கட்டுரைக்கு இருவது. பத்துக் கட்டுரை உருப்போட்டா ரெண்டு நிச்சயம் வரும் நைனா."

"பேசுறதுக்கு எவ்ளோ?"

"இல்ல."

"எதுர்ல ஒருத்தன் பேசுனா புரிஞ்சிக்கிறதுக்கு?"

"அதுக்கும் இல்ல. எங்க டீச்சரே புஸ்தகத்தப் பாத்துதான் படிப்பாங்க. அந்த ஆள் பேசுன மாரி நான் கேட்டதே இல்ல."

நைனாவுக்கு நம்பவே முடியவில்லை. "மெஷின ஓட்டிப் பாக்காமயே பாஸுன்னு எழுதிக் குடுத்துட்டானுங்களா? அப்ப இன்னாத்துக்கு இந்த மார்க்கு?"

"மார்க்குக்குத்தான் நைனா. நீதான மார்க்கு வரும்னு சேத்துவுட்ட."

கோபமாகக்கூட அவள் அதைச் சொல்லவில்லை. நைனா கேள்வித்தாளை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்த வருடம் அக்கா காலேஜில் சேரவில்லை.

அன்று சாயங்காலம் நான் விளையாடிவிட்டு வந்தபோது, அக்கா என் தமிழ்ப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்யுள் பகுதி. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"குடுக்கா. உனுக்கு இன்னாத்துக்கு இது? உனுக்குதான் தமிழே இல்லியே" என்று பிடுங்கினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். காலையில் மேனேஜர் அறையில் முழித்த மாதிரியே இதற்கும் பதில் தெரியாமல் முழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நான் புத்தகத்தோடு உள்ளே போனேன்.