முதல் வரியில் இருந்த பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் ஒரு விமான நிறுவனத்தின் ஆபீசில் வேலை பார்த்தேன். எந்த விமானத்தை யார் ஓட்டுவது என்ற பட்டியல் தலைமை ஆபீசிலிருந்து வரும். அதைப் பார்த்துப் பயணத்தாளில் எழுதுவது என் வேலை. முதல் பெயர் கேப்டன், அடுத்தது துணை விமானி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கோடு போட்ட மாதிரி வேலை செய்வேன் என்று கூட இருந்தவர்கள் எனக்கு 'ஸ்கேல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

துணை விமானி கிடைக்காத நாளில் இரண்டு கேப்டன்களைச் சேர்த்துப் போடுவார்கள். அப்போது ஒருவர் இடது இருக்கையில் கமாண்டர், மற்றவர் வலது இருக்கையில் துணை. அந்த மாதிரி நாட்களில் மட்டும் பட்டியல் ஊழியர் எண் வரிசையில் வரும். கமாண்டர் யார் என்று போன் செய்து கேட்டுத்தான் எழுத வேண்டும். இது எனக்குத் தெரியும்.

அன்று காலை சென்னை விமானம். உள்ளூர் வலியசாலைக்காரரான மூத்த கேப்டனுக்கு அது கடைசிப் பயணம், மறுநாள் ஓய்வு. அவர் மனைவியும் பயணியாக வந்திருந்தார். கணவர் ஓட்டும் விமானத்தில் மாமி அதுவரை ஏறியதே இல்லையாம். "மைக்குல இவர் பேசறதைக் கேக்கணும்" என்று கவுண்டரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பயணிகளிடம் மைக்கில் பேசுவது கமாண்டர்தான். கூடப் போகிறவர் பத்து வயது இளையவரான ஒரு மலையாளி கேப்டன். மூத்தவர் விமானப்படையிலிருந்து தாமதமாக வந்தவர் என்பதால், ஊழியர் எண்படி இளையவர் பெயர்தான் பட்டியலில் மேலே இருந்தது. நான் போன் செய்து கேட்காமல் அதை அப்படியே தாளில் எழுதிவிட்டேன்.

தாளைப் பார்த்த இளையவர் திகைத்துப்போனார். "சாரே, ஒண்ணு விளிச்சு சோதிக்கூ" என்று போன் போட்டுக் கேட்கச் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இவர் யார் எனக்கு வேலை சொல்லித்தர?

"முதல் பேருதான் சார் கமாண்டர். இருபது வருஷமா இப்படித்தான் எழுதறேன்" என்றேன்.

மூத்தவர் என்னை ஒருமுறை பார்த்தார். "இருக்கட்டும். பொறப்படற நேரத்துல தர்க்கம் வேண்டாம். பேப்பர்ல இருக்கறவர்தான் கமாண்டர்" என்று துணை விமானிக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் தலைமை ஆபீசிலிருந்து போன் வந்தது. மூத்தவர்தான் கமாண்டர், தாளைத் திருத்துங்கள் என்றார்கள்.

திருத்திய தாளில் அவர் கையெழுத்து வாங்க அந்த வாரமே வலியசாலைக்குப் போனேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"மதுரைப் பக்கம் மேகம் கட்டிண்டிருந்தது, கேட்டேளா. சுத்திப் போலாம்னு தீர்மானிச்சது அவராக்கும். நான் சரின்னேன், அவ்வளவுதான். இதுல என் பேர் இருந்தா பொய்யாயிடும். பழையபடியே இருக்கட்டும்."

கையெழுத்துப் போடாமல் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் ஓட்டியவரின் கடைசிப் பயணம் துணை விமானியாகவே முடிந்தது. என் வீம்பினால்.

மாமி வாசல் வரை கூட வந்தார். "மைக்குல வேற யாரோ பேசினா. இவருக்குத் தொண்டை சரியில்லையாக்கும்னு நெனச்சுண்டேன். அது யார் பண்ணின தப்பு?"

"தலைமை ஆபீஸ், மாமி" என்றேன்.

அவர் அதை நம்பினார். இருவரும் இன்று இல்லை. அந்தப் பதிலைத் திருத்த நான் திரும்பப் போகவே இல்லை.