ஒரு சஹன், ஆறு பேர், என் தொண்டைக் கரகரப்பு

கடந்த பெப்ரவரியில் நான் கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழிக்குப் போனது கடல் பார்க்க அல்ல. நண்பர் ரிஸ்வானின் மகளுக்குக் கலியாணம். சனிக்கிழமை பகல் விருந்து. போகிற போக்கில் கடலையும் பார்த்துவிடலாம் என்று மூன்று நாள் விடுப்பு எடுத்தேன். அது ஒன்பது நாளாகி, பிறகு புத்தளம் ஆஸ்பத்திரிக்கு இன்னொரு பயணமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கம் போக இருப்பவர்களுக்கு வழியையும் சொல்ல வேண்டும், என் மடத்தனத்தையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை 5.45க்குக் குருநாகலில் பஸ் ஏறினேன். புத்தளத்துக்கு 88 கிலோமீட்டர், 350 ரூபா, இரண்டரை மணித்தியாலம். அங்கிருந்து கற்பிட்டி பஸ். பாலாவியில் திரும்பியதும் உப்பளம், களப்பு, பிறகு தென்னந்தோப்பு என்று ஒன்றரை மணித்தியாலம் ஓடும். 200 ரூபா. கண்டக்குழிச் சந்தியிலிருந்து தங்குமிடத்துக்கு ஓட்டோ 300. பஸ்ஸிலேயே எனக்குத் தொண்டை கரகரத்தது. ரோட்டுத் தூசியின் மேல் பழியைப் போட்டுவிட்டு இஞ்சி மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "என்ன சேர், இருமல் கூடவா இரிக்கி?" என்று கேட்டார். "சும்மா தூசி" என்றேன்.

சஹன் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் விருந்துகளில் ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கையால் சாப்பிடுவோம். ஆறு பேரும் முடிக்கும்வரை ஒருவரும் எழும்ப மாட்டார்கள். சனிக்கிழமை என் வலப்பக்கம் ரிஸ்வான். இடப்பக்கம் அவருடைய மனைவியின் நானா, அதாவது அண்ணன், நவ்பர், ஐம்பத்திரண்டு வயது மீனவர். நல்ல கோழித் துண்டுகளையெல்லாம் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் இரண்டு தரம் தோள்பட்டைக்குள் முகத்தைப் புதைத்து இருமினேன், பிறகு வட்டலப்பமும் சாப்பிட்டேன்.

ஞாயிறு காலை காய்ச்சல். கற்பிட்டி பார்மசியில் சோதனைப் பெட்டி வாங்கிப் பார்த்தால் கொரோனா. உடனே ரிஸ்வானுக்குச் சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். 2021இல், தடுப்பூசி கிடைக்குமுன்னே எனக்கு வந்தபோது ஒன்பது நாள் ஒட்சிசனில் கிடந்தவன் நான். அதனால் பயந்துபோனேன். ஆனால் இம்முறை இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. மூன்றாம் நாள் பாணும் மீன் கறியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எல்லாம் நான் குடித்த கொத்தமல்லித் தண்ணியின் மகிமை என்று போனில் பெருமையடித்தேன்.

ரிஸ்வானுக்கு லேசான தடிமன், மூக்கொழுகல். மற்ற மூவரில் ஒருவருக்கு வாசனை போயிருந்தது, இருவருக்கு ஒன்றுமேயில்லை. நவ்பருக்கு மட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. விருந்து முடிந்து ஆறாம் நாள் மூச்சு வாங்க, புத்தளத்துக்குக் கொண்டுபோய் ஒட்சிசன் வைத்தார்கள்.

"நவ்பர் மச்சான் ஊசி ஒண்டும் அடிக்கல்ல," என்றார் ரிஸ்வான். போனில் குரல் உடைந்திருந்தது. "இங்க ஊசி குடுக்கக்குள்ள அவர் கிழக்குக் கரையில வாடி அடிச்சி தொழில் செஞ்சார். அங்க அடிச்சிருப்பாருண்டு நாங்க நெனச்சம். ஊருக்குப் போய் அடிப்பமெண்டு அவர் நெனச்சார். இதுக்கு முந்தி வந்ததாவும் தெரியா."

பருவக்காற்றுக்கு வள்ளத்தோடு கரை மாறுகிறவர்கள் அவர்கள். அந்த வருடம் கடற்கரைக் குடிசையான அந்த வாடியில் வேறு மனிதரையே காணாமல் இருந்ததால் நோயும் அவரைக் காணவில்லை. அன்றிரவு நான் தொழுது அழுதேன். அந்த மனிதர் மௌத்தாகிவிட்டால் நான் எந்த முகத்தோடு ரிஸ்வான் வீட்டு வாசலை மிதிப்பது?

ஏழாம் நாள் ஊருக்கு வந்தேன். பன்னிரண்டாம் நாள், ஒட்சிசனைக் கழற்றிவிட்டார்கள் என்ற செய்தி கிடைத்ததும் அதே 5.45 பஸ்ஸில் புத்தளம் போனேன். ஆஸ்பத்திரி விடுதியில் கடமையில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டரம்மாவிடம், 2021இல் வந்தது, பிறகு போட்ட மூன்று ஊசி, இம்முறைக் கொத்தமல்லி என்று என் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"கொத்தமல்லி நல்லது, குடியுங்கோ. ஆனா உங்கட உடம்பு இந்தக் கிருமியை முந்தியே கண்டிருக்கு. ஒருக்கா காய்ச்சல் வருத்தமா வந்தது, மூண்டு தரம் ஊசியா வந்தது. வாறதை முழுக்க மறிக்க ஏலாட்டிலும், கடுமையாகாமல் பாத்துக்கொண்டுது. அவருக்கு எல்லாம் புதுசு. சீனி வருத்தமும் இருக்கு. அதால இது மட்டும்தான் காரணம் எண்டும் சொல்ல ஏலாது."

ஊசிக்காக வரிசையில் நின்றபோது வெயிலைத் திட்டியது ஞாபகம் வந்தது. அன்று எனக்கு ஊசி போட்ட தாதியின் முகம்கூட நினைவில்லை. அவருக்கு இங்கேயே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

நவ்பர் மெலிந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகக்கவசத்தோடு தள்ளி நின்று, பஸ்ஸிலேயே தொண்டை கரகரத்ததை, அதை மறைத்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். "மாப்புத் தாங்க நானா" என்றேன்.

"தெரியுமே," என்றார் அவர். "சஹன்ல நீங்க இருமக்குள்ளயே கண்டன்."

"பிறகு ஏன் எழும்பல்ல?"

"அல்லாவே! விருந்தாளி திண்டுக்கிட்டு இரிக்கக்குள்ள எழும்புறதா?"

அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார், வீட்டிலிருந்து வந்த தேத்தண்ணியில் பாதியை எனக்கு ஊற்றச் சொன்னார்.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும், டொல்பின் பார்க்கலாம். புத்தளத்திலிருந்து முற்பகல் பஸ்ஸைப் பிடியுங்கள், பிந்தினால் நின்றுகொண்டே போக நேரிடும். தடுப்பூசி விட்டுப்போயிருந்தால், இப்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தொண்டை கரகரத்தால் பயணத்தையே ஒத்திப்போடுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு கரகரத்தால், வெட்கப்படாமல் தனிப் பீங்கான் தட்டொன்று கேளுங்கள். நீங்களாகக் கேட்காவிட்டால், அந்த ஊரில் உங்கள் பக்கத்திலிருப்பவர் எழும்ப மாட்டார்.