கண்ணாயிரம் இல்லாமல் ஓடாத வண்டி

மிஷன் ஆஸ்பத்திரித் துரைசாணி சீமைக்குத் திரும்பியபோது தன் சின்னக் காரை நர்ஸ் சம்பூர்ணத்திடம் விட்டுப்போனார். காரோடு டிரைவர் கண்ணாயிரமும் வந்து சேர்ந்தான். பிரசவம் பார்க்க ஊர் ஊராகப் போகிற சம்பூர்ணத்துக்குத் தானே ஓட்ட வேண்டும் என்று ஆசை. அவனும் மறுக்காமல் கற்றுக்கொடுத்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சந்தைக் கூட்டத்திலும் வண்டி பிசகாமல் ஓடியது.

தனியாக எடுத்த அன்றுதான் வம்பு. சின்ன காஞ்சிபுரம் போகிற வழியில் இருமி இருமி நின்றுவிட்டது. தெருவிலிருந்த நெசவாளிகள் தறியை விட்டு எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"பொம்பள கை பட்டா இப்டித்தான் ஆவும்" என்றார் ஒருவர்.

ஆள் அனுப்பிக் கண்ணாயிரத்தை வரவழைத்தாள். "நீங்க முன்னாடி போயி இன்ஜின் தண்ணி மூடியப் பாருங்கம்மா" என்று அவளை அனுப்பிவிட்டு அவன் உள்ளே குனிந்தான். வண்டி கிளம்பிவிட்டது.

"அதுக்கு என் கைதாம்மா பழக்கம்."

அடுத்த முறையும் அதே தூரம், அதே இருமல், அதே தண்ணீர் மூடி. தன் கையை நம்பாமல் இருந்த சம்பூர்ணம் அன்று முதல் அவன் கையைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

ஒரு பிற்பகல், செவிலிமேட்டு நெசவாளி வரதராஜன் ஓடிவந்தார். "பொண்ணுக்கு விடிகாலைலேர்ந்து வலிம்மா. கொழந்த எறங்கல."

கண்ணாயிரம் சாப்பிடப் போயிருந்தான். வரதராஜனை ஏற்றிக்கொண்டு அவளே கிளம்பினாள். நாலு தெரு தாண்டியதும் வண்டி நின்றது.

"டிரைவர கூட்டியாரட்டுமா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேணாம்."

கண்ணாயிரம் கை போகிற இடத்துக்குக் கையை விட்டுத் துழாவினாள். பெட்ரோல் குழாயில் ஒரு சின்னத் திருகு, குறுக்கே மூடிக் கிடந்தது; குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் தீரும்வரைதான் வண்டி ஓடியிருக்கிறது. திருப்பினாள். வண்டிக்கு உயிர் வந்தது. எதிரே வந்த மாட்டுவண்டிகளை எப்படிக் கடந்தாள் என்பதே அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவு கோபம்.

பொழுது சாய்வதற்குள் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

திரும்பி வந்தபோது வாசலில் கண்ணாயிரம் நின்றிருந்தான். "நின்னுச்சாம்மா?"

"நின்னுது. நீ மூடி வெச்சத தெறந்துக்கினு போனேன்."

அவன் தலை தாழ்ந்தது. "நீங்க முழுசா கத்துக்கினா எனக்கு இன்னாமா வேல?"

"அத என்கிட்ட கேட்டிருக்கலாம்பா. அங்க ஒரு பொண்ணு சாவக் கெடந்துது."

சீக்கிரமே அவன் செங்கல்பட்டு பஸ்ஸுக்கு டிரைவராகப் போய்விட்டான். சம்பூர்ணம் திருமுக்கூடல் வரைக்கும் தனியாகவே போய்வந்தாள். ஆனாலும் எங்காவது வண்டி நிஜமாகவே பழுதாகி நின்றால், கண்ணாயிரம் அக்கம்பக்கத்தில் இருக்கிறானா என்று பழைய சந்தேகத்தோடு ஒருமுறை சுற்றிப் பார்த்த பிறகுதான் கீழே இறங்குவாள்.