கொள்ளேகால் நம் ஜில்லாவில் இருந்தபோது

போன வாரம் ஓய்வூதியத்துக்காக உயிர்ச்சான்று கொடுக்கப் போயிருந்தேன். படிவத்தில் மாவட்டம் என்ற இடத்தில், கை தன் பழக்கத்துக்குக் கோயமுத்தூர் என்று எழுதிவிட்டது. "ஏனுங்கம்மா, நாம இப்பத் திருப்பூர் மாவட்டமுங்க" என்று அங்கிருந்த பெண் அடித்து எழுதினாள். முப்பத்தைந்து வருஷம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள் நான்!

ரேகை வைத்த கட்டைவிரலில் ஒட்டிய மையின் நெடி, நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த வீரபாண்டிப் பள்ளியில் சுருட்டி வைத்திருந்த ஜில்லா வரைபடத்தின் வார்னிஷ் நெடியைக் கிளப்பிவிட்டது. அந்தப் படத்தின் வடக்குக் கோடியில் கொள்ளேகால் தாலுகா. என்னோடு வேலை பார்த்த சிவம்மா டீச்சருக்குச் சொந்த ஊர் அதுதான். வீட்டில் பேசுவது கன்னடம். படித்ததும் பாடம் எடுத்ததும் தமிழ்.

ஊரில் அவருடைய அம்மா கண் தெரியாமல் தனியாக இருந்தார். அங்கே மாற்றல் கேட்டு டீச்சர் மூன்று வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தாறாம் வருஷம் ஆவணியில் வழி பிறந்தது. கொள்ளேகாலில் இருந்த ஒரு வாத்தியார் திருப்பூர்ப் பக்கம் வர விரும்பினார். இருவரும் கையெழுத்துப் போட்டால் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஒரே ஜில்லாதானே.

எனக்கு ஐப்பசியில் கல்யாணம். தாயில்லாப் பெண் நான். "என்னைய மணவறையில உக்கார வெச்சுட்டுப் போங்கக்கா" என்று அழுதேன். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கப்போகிறார்கள் என்று பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் சிரித்தார். "கொள்ளேகால் எங்கீங்க போயிரப் போவுது?"

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். "செரி கண்ணு, ரெண்டு மாசந்தானே."

கல்யாணத்தன்று அவர்தான் எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தார். அது முடிந்து அவர் அனுப்பிய மனு அப்படியே திரும்பி வந்தது. கொள்ளேகால் மைசூர் ராஜ்யத்துக்குப் போய்விட்டது. ராஜ்யம் விட்டு ராஜ்யம் மாற்றல் கிடையாதாம்.

"நாந்தானுங்கக்கா கெடுத்துட்டேன்."

"கோடு போட்டது நீயா கண்ணு?" என்றார். ஆனால் அன்று மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியைத் திறக்கவேயில்லை.

தை மாதம் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறினார். தமிழில் வாங்கிய சான்றிதழுக்கு அங்கே வாத்தியார் வேலை கிடைக்கவில்லை. பட்டுக்கூட்டைக் கொதிநீரில் போட்டு நூல் எடுக்கும் வேலைக்குப் போனார். விரல்கள் வெந்துபோகின்றன என்று கடிதத்தில் ஒரே வரி எழுதியிருந்தார். அம்மா நாலு வருஷம் இருந்து, மகள் மடியிலேயே போனார். அதை நினைத்து நான் ஆறுதல்பட்டுக்கொண்டேன். சுயநலமான ஆறுதல்தான்.

கடைசிக் கடிதத்தில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. "தமிழ் கைக்கு வரமாட்டேன் என்கிறது. பிழை இருந்தால் திருத்திக்கொள்." கைக்குழந்தை, பரீட்சைத்தாள் என்று பதில் எழுத ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். எழுதியதற்கும் பதில் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது பனியன் குடோன் நிற்கிறது. சிவம்மா டீச்சரைத் தெரிந்தவர் இந்தப் புது மாவட்டத்தில் என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை.