நான் பேசாத ஆறு வாரங்கள்

சென்ற ஆவணி மாதம் முதல் திங்கட்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு என் குரல் போய்விட்டது. நேரம் சரியாகத் தெரியும். அன்றே டைரியில் எழுதி வைத்தேன்.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் பதினாறு வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான வகுப்பு. ஞாயிறு தவிர, காலை ஆறு முதல் ஏழு வரை. அப்போது ஒன்பது பேர் வந்தார்கள். நான் ஒரு வாக்கியம் சொல்வேன், அவர்கள் மூன்று முறை திருப்பிச் சொல்வார்கள். மாதிரிப் பதில்களை நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். வீட்டில் எழுதி வருவதை நானே சிவப்பு மையில் திருத்துவேன். எந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டாலும் அந்த நிமிடமே சொல்லிவிடுவேன். கேட்டது கிடைக்காமல் என் மாடிப்படி இறங்கிப் போனவர் ஒருவரும் இல்லை என்பதில் எனக்குப் பெருமை.

அன்று வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, குரல் நாணில் சிறு முடிச்சு விழுந்திருக்கிறது, ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுப்பும் கூடாது என்றார்.

குரல் இல்லாத வாத்தியாரம்மாவுக்கு வகுப்பு ஏது? அதைவிட எனக்குச் சுமதியைப் பற்றிய கவலை பெரிது. அவள் அடி அண்ணாமலையில் இருந்து வரும் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான நேர்முகத் தேர்வில் இரண்டு முறை தோற்றவள். மூன்றாவது தேர்வு ஐப்பசியில் இருந்தது. நான் கொடுத்த நாற்பது பதில்களையும் மனப்பாடம் செய்திருந்தாள். நான் கூடவே இருந்து பழக்காவிட்டால் அவள் கதி என்ன?

ஆனாலும் வகுப்பை நிறுத்தவில்லை. ஒரு சிலேட்டு வாங்கினேன். கேட்டதற்கு ஒரு வரி எழுதிக் காட்டுவேன். முதல் வாரம் எல்லோரும் பாவம் என்று பார்த்தார்கள். இரண்டாவது வாரம் என்னிடம் கேட்பதே குறைந்துபோனது. மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். நான் தொடாத பக்கங்களில் யாரோ பச்சை மையில் திருத்தியிருந்தார்கள். திருத்தம் பெரும்பாலும் சரியாக வேறு இருந்தது.

வேறு ஒரு டீச்சரிடம் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஒரு பயிற்சி நிலையத்தின் போர்டு முளைத்திருந்தது. கூட்டிக்கொண்டு போனவள் கலைவாணியாகத்தான் இருக்க வேண்டும். லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷன் வேலை பார்ப்பவள், வாய் ஜாஸ்தி. நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒரு நாள் படியில், "ஞாயித்துக்கிழமை, மறந்துடாதீங்க" என்று அவள் மற்றவர்களிடம் சொன்னது காதில் விழுந்தது. யார் யார் சேர்ந்து போகிறார்கள், எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று தினமும் குறித்தேன்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நீ டைரி எழுதுறியா, எஃப்.ஐ.ஆர். எழுதுறியா?"

சிலேட்டில், "என் வகுப்பைக் கலைக்கிறார்கள்" என்று எழுதிக் காட்டினேன்.

"பேச்சுதான் நின்னிருக்கு உனக்கு. சந்தேகம் டபுளாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போனேன். பெரிய நந்திக்குப் பக்கத்தில் நின்று மனதுக்குள் வேண்டினேன். "அண்ணாமலையாரே, என் குரலைத் திருப்பிக் கொடு. அதற்கு நாள் ஆகும் என்றால், என் பிள்ளைகளை என்னிடமிருந்து பிரிப்பது யார் என்றாவது காட்டு. பௌர்ணமிக்கு வாய் திறக்காமல் கிரிவலம் வருகிறேன்." வாய்விட்டுக் கேட்காத வேண்டுதல் போய்ச் சேருமா என்று அங்கேயும் எனக்குச் சந்தேகம்தான். டைரியில் அதையும் எழுதியிருக்கிறேன்.

புரட்டாசிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தேன். கைப்பிள்ளை தவறினால் கண்டுபிடிக்க முடியாத கூட்டம். பாதையோரச் சன்னதியான எமலிங்கத்தில் கும்பிட்டு நிமிர்ந்தபோது, எனக்கு நான்கடி முன்னால் கலைவாணி நின்றாள். பக்கத்தில் சுமதி. மொத்தம் ஐந்து பேர், எல்லாம் என் வகுப்பு. மற்ற நால்வருக்கு அன்று டூட்டி என்று பிறகு தெரிந்தது.

பிடிபட்டார்கள் என்று நினைத்தேன். பின்னாலேயே போனேன். புது டீச்சரம்மா எங்கே என்று தேடினேன். அப்படி யாரும் இல்லை.

இரண்டு ஜோடியாக நடந்தார்கள். ஜோடியில் ஒருத்தி கேட்பாள், மற்றவள் சொல்வாள். முழுக்க ஆங்கிலத்தில். ஐந்தாவது பெண் ஒரு சிறு நோட்டில் பச்சைப் பேனாவால் தப்புகளைக் குறித்தபடி வந்தாள். நிருதிலிங்கம் வந்ததும் கும்பிட்டார்கள், திருநீறு பூசினார்கள், ஜோடியை மாற்றிக்கொண்டார்கள். நோட்டு அடுத்தவள் கைக்குப் போனது, பேச்சின் பொருளும் மாறியது. கிரிவலப் பாதையின் எட்டு லிங்கத்துக்கும் இதே ஏற்பாடு என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு சொல் தெரியாமல் சுமதி நின்றாள். கலைவாணி சொல்ல வாயெடுத்தாள். "டோன்ட் டெல் மீ. லெட் மீ திங்க்" என்றாள் சுமதி. என் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தும் அவள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கொஞ்சம் தடுமாறி, வேறு நான்கு சொற்களால் சுற்றி வளைத்து, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"மேடம் இருந்திருந்தா நீ யோசிக்கறதுக்குள்ள ஆன்சர் வந்திருக்கும்" என்றாள் கலைவாணி.

"அவங்க சொல்லினே இருப்பாங்க, நம்ம தலையாட்டினே இருப்போம்" என்றாள் சுமதி. ஐந்து பேரும் சிரித்தார்கள். "பாவம், அவங்க காதுல போட்டுடாதீங்கடி. தொண்டை சரியாவட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்."

சுருக்கென்று தைத்தது. கத்தியிருப்பேன். கத்தத்தான் குரல் இல்லையே. அதனால் கேட்டுக்கொண்டே நடந்தேன். பழக்கம் விடவில்லை, டைரியை எடுத்து நானும் அவர்கள் தப்புகளைக் குறித்தேன். அடி அண்ணாமலை டீக்கடை வரும்போது என் கணக்கு இருபத்துமூன்று.

டீ வாங்கத் திரும்பிய சுமதி என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். "மேடம், எங்கேருந்து பின்னாடி வரீங்க?"

எமலிங்கத்திலிருந்து என்று எழுதிக் காட்டினேன்.

"அவ்ளோ தூரமா? அப்ப எங்க தப்பெல்லாம் உங்க கிட்ட இருக்கும், குடுங்க" என்று கலைவாணி என் டைரியை வாங்கித் தங்கள் நோட்டோடு ஒப்பிட்டாள். "பதினேழு ரெண்டுலயும் இருக்கு. நீங்க விட்டது ரெண்டு எங்க கிட்ட இருக்கு மேடம்."

நம்பாமல் பார்த்தேன். இரண்டும் சரி. நான்தான் கவனிக்கவில்லை. அவர்கள் விட்ட ஆறுக்கும் சரியானதை எழுதிக் கொடுக்கப் பேனாவைத் திறந்தேன். சுமதி பக்கத்தின் மேல் கையை வைத்தாள்.

"எழுதாதீங்க மேடம். எந்த எடம்னு மட்டும் காட்டுங்க. நாங்களே தேடிப் பாத்துக்கறோம்."

நடு ரோட்டில் என் கண் நிறைந்துவிட்டது. என் பிள்ளைகளைப் பிரிப்பது யார் என்று கேட்டிருந்தேன். பிரிப்பவர் யாருமே இல்லை என்று அண்ணாமலையார் காட்டிவிட்டார். பதினாறு வருடமாக என் மாணவிகளை நடக்க விடாமல் இடுப்பில் தூக்கி வைத்திருந்தது யார் என்பதையும் சேர்த்தே காட்டினார். குரல் இருந்திருந்தால் எமலிங்கத்திலேயே சண்டை போட்டு, இதில் ஒன்றையும் கேட்காமல் வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஐப்பசியில் சுமதியிடம் என் நாற்பதில் இல்லாத கேள்வியைக் கேட்டார்கள். கோபமாக வரும் நோயாளியின் உறவினரிடம் எப்படிப் பேசுவாய் என்று. ஒரு நிமிடம் யோசிக்க அனுமதி கேட்டிருக்கிறாள். நடுவில் ஒரு தப்பு வந்ததாம், அவளே நிறுத்தித் திருத்திச் சொன்னாளாம். தேர்வாகிவிட்டாள். இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறாள்.

குரல் எனக்குப் புரட்டாசிக் கடைசியிலேயே திரும்பியிருந்தது, முன்பைவிட மெல்லியதாக. வகுப்பில் கால் மணி நேரம்தான் பேசுகிறேன். மீதி நேரம் அவர்களுடையது. மாதிரிப் பதில்கள் கொடுப்பதில்லை. தப்பு இருக்கும் வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பதோடு சரி. என்ன தப்பு என்று அவர்கள் கண்டுபிடித்து வர வேண்டும். சந்தேகப்படும் குணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஒரு நோட்டு கொஞ்சம் நன்றாக இருந்தால் யார் எழுதிக் கொடுத்தது என்றுதான் மனம் முதலில் கேட்கிறது. அதையும் அண்ணாமலையாரிடமே ஒப்படைத்திருக்கிறேன்.

நான் இல்லாவிட்டால் இவர்கள் என்ன ஆவார்கள் என்று யாரையாவது நினைத்துக் கலங்குகிறவர்கள் இதைப் படித்தால், அண்ணாமலையாரிடம் அவர்களை ஒப்புக்கொடுத்துவிட்டு ஒரு பௌர்ணமிக்கு வந்து நடங்கள். அவர்களை முன்னால் போக விடுங்கள். நாலடி பின்னால், வாயைத் திறக்காமல் வாருங்கள்.