கோரலியின் குட்டை ஆன்டெனா

போர்ட் அகஸ்டாவில் பாலைவனப் பயணம் போகிற வண்டிக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதில் பெவன் ட்ரெகென்சாதான் ரேடியோ அதிகாரி. அதிகாரி என்றதும் பெரிய படிப்புப் படித்தவன் என்று நினைத்துவிடக் கூடாது. மின்நிலையத்தில் குழாய் மாட்டி ஓய்வு பெற்றவன். வேறு யாரும் கை தூக்காத ஒரு கூட்டத்தில் இவன் தூக்கினான், அவ்வளவுதான். அன்று ஏறிய மண்டைக்கனம் அப்புறம் இறங்கவே இல்லை. அவன் வண்டியின் முன்கம்பியில் ஆளுயர ஆன்டெனா பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நிற்கும். உள்ளே இருப்பது என்னவோ ஒரே ரேடியோ. இரண்டாவது எதற்கு என்று கேட்டால், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா என்பான். வெட்கமாவது மண்ணாவது!

எந்த ரேடியோ வாங்கலாம் என்று தெரியாத்தனமாகக் கேட்டவனைப் பிடித்து உட்காரவைத்து, அவன் கையிலிருக்கும் பியர் சூடாகிப்போகும் வரை அளப்பான். அத்தனை அளப்புக்கும் சாரம் ஒன்றுதான்: ஆன்டெனா எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் பேசலாம். அதை நம்பி நீளக் கம்பி மாட்டிய அப்பாவிகள், மலைப்பாதையில் அடுத்த வளைவில் நிற்கும் வண்டியோடுகூடப் பேச முடியாமல் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டு திரிந்தார்கள். மட்டமான ரேடியோவை வாங்கிவிட்டீர்கள் என்று பெவன் அவர்களையே திட்டினான்.

அவன் பெருமையைப் பேசியது போதும். கதை அவன் மனைவி கோரலியுடையது.

கோரலி ஆட்டுப்பண்ணையில் பிறந்தவள். பிரேக்குக்குக் கால் எட்டாத வயதிலேயே அப்பாவின் பழைய லாரியை மேய்ச்சல் நிலத்தில் ஓட்டியவள். கல்யாணத்துக்குப் பிறகு பெவன் அவளிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்ததில்லை. கொடுத்தால் கியர் பெட்டி போய்விடுமாம். வாரநாளெல்லாம் பள்ளிக்கூடக் கடையில் பிள்ளைகளுக்கு சாண்ட்விச் போட்டாள். விடுமுறை வந்தால் அவன் வண்டியின் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து டீ ஊற்றினாள். முப்பது வருஷம் இப்படியே ஓடியது. ரேடியோவில் ஆம்பளைகள் அடிக்கிற தம்பட்டத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். யார் வண்டியின் குரல் எங்கே நன்றாக வருகிறது, எங்கே கரகரத்துச் சாகிறது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் ஊற்றிய டீயை உறிஞ்சிய ஒருத்தனுக்காவது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்ற வேண்டுமே!

போன வருஷம் கோரலி தனக்கென்று பழைய குட்டி ஜீப் ஒன்றை வாங்கினாள். ஜூலையில் சங்கம் சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கும்போது தானும் ஓட்டப்போவதாகச் சொன்னாள். பெவன் வாயில் இருந்த பிஸ்கட் வெளியே வரும்படி சிரித்தான். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாவதற்குள் ஒரு தடவையாவது அந்த மணல்மேடுகளைத் தன் கையால் ஓட்டித் தாண்ட வேண்டும் என்ற வெறி அவளுக்கு எத்தனையோ வருஷமாக உள்ளே கனன்றுகொண்டிருந்தது.

நடுவில் சங்கத்தின் விதி ஒன்று நின்றது. ரேடியோ சோதனையில் தேறாத வண்டிக்கு வரிசையில் இடமில்லை. அது நியாயமான விதிதான். மணல்மேட்டின் உச்சிக்குப் போகும் வரை எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. ஏறுவதற்கு முன்னால் ரேடியோவில் சொல்லிவிட்டு ஏற வேண்டும். சொல்லாமல் ஏறினால் உச்சியில் முட்டிக்கொண்டு சாக வேண்டியதுதான். விதியில் தப்பில்லை. சோதிக்கிற அதிகாரி அவள் புருஷனாக இருந்ததுதான் தப்பு.

கோரலி ஒரு முழ நீளத்தில் குட்டை ஆன்டெனா ஒன்றை வாங்கி வந்தாள். பெவன் அதைச் செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"என்ன கோரல் இது, பல் குத்தவா?"

"மணல்மேட்டுக்கு. உன் நீளக் கம்பி அலையைத் தோசை மாதிரி தட்டையாத்தான் பரப்பும். பள்ளத்துல நிக்கிறவனுக்கு அது தலைக்கு மேலேயே போயிடும். இது எல்லாப் பக்கமும் உருண்டையாப் பரப்பும். தூரம் கம்மிதான். நமக்குத் தூரம் எதுக்கு? பக்கத்து மேட்டுக்குக் கேட்டாப் போதும்."

"சாண்ட்விச் போட்ட கையில இப்ப ரேடியோ பாடமா!"

தான்தான் பொருத்துவேன் என்று பிடிவாதம் பிடித்துப் பொருத்தினான். சனிக்கிழமை சங்கத்து மைதானத்தில் சோதனை. கோரலியின் குரல் வேலியைக்கூடத் தாண்டவில்லை. பெவன் இழவு வீட்டு முகத்தை வைத்துக்கொண்டு, குட்டை ஆன்டெனா வேண்டாம் என்று தான் அப்போதே சொன்னதாகவும், பாவம், அவள் எப்போதும் போலத் தன் பக்கத்து சீட்டிலேயே வரட்டும் என்றும் எல்லோரிடமும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்டுவதற்கு என்ன செலவு?

கோரலி அழவில்லை. வீட்டுக்கு வந்து ஆன்டெனா வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். ஓட்டுநர் கதவின் கீல் பக்கம் வந்ததும் விரல் நின்றது. கதவு மூடும் இடத்தில் வயர் நசுங்கி நாடா போலக் கிடந்தது. வயருக்குள் ஓடும் கம்பியும் அதைச் சுற்றியிருக்கும் கம்பிவலையும் ஒட்டிக்கொண்டால் ரேடியோ பேசுவது ஆன்டெனாவுக்கு எப்படிப் போகும்? புது வயர் வாங்கினாள். எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் துளை வழியாக அதை விட்டாள். ஆன்டெனா உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த பிறகு இறுக்கினாள். சங்கத் தலைவர் ஹெட்லியைக் கூப்பிட்டு, பெவனைக் கேட்காமலே, குன்றுக்கு அந்தப்புறம் போய் நிற்கச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கிறது என்றார் அவர். கடைசி வண்டியாக அவள் பெயரை எழுதிக்கொண்டார்.

அன்று இரவு சாப்பாட்டில் கோரலி பெவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். இத்தனை வருஷம் அதிகாரி என்று மார்தட்டிக்கொண்டவனுக்கு வயரைக் கதவிடுக்கில் விடக்கூடாது என்பதுகூடத் தெரியவில்லையே, நீ மாட்டியதை நம்பி எத்தனை பேர் பாலைவனம் போனார்களோ என்று கேட்டாள். பெவன் தட்டைப் பார்த்தபடி உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டிருந்தான். வெட்கப்படுகிறான் என்று நினைத்துக் கொஞ்சம் இரக்கம்கூடப் பட்டாள்.

ஜூலையில் ஆறு வண்டிகள் மேற்கிலிருந்து கிழக்கே கிளம்பின. வழிகாட்டுகிற ஒன்றாம் வண்டி பெவனுடையது. கோரலி உட்கார்ந்திருந்த சீட்டில் இப்போது கெல்வின் என்கிற கூட்டாளி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு டீ ஊற்றக்கூடத் தெரியாது. கோரலி கடைசியில் வந்தாள். முதல் மேட்டை அவள் ஒரே மூச்சில் ஏறி இறங்கியபோது, வாய்விட்டுச் சிரித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேடு பள்ளத்தில் பெவனின் அதிகாரம் பல்லிளித்தது. அவன் உச்சியிலிருந்து உத்தரவு போடுவான். பள்ளத்தில் நிற்பவர்களுக்கு அதில் பாதி கரகரப்பு, மீதி மௌனம். கோரலி ஒரு உச்சியில் நின்றுகொண்டு, காதில் விழுந்ததைத் தன் குட்டை ஆன்டெனாவில் மறுபடி சொல்லுவாள். இரண்டாம் நாளே, "கோரலி, பெவன் என்னமோ உளறுனானே, என்ன அது?" என்று எல்லோரும் அவளையே கேட்க ஆரம்பித்தார்கள். தன் பேச்சு எல்லோருக்கும் போய்ச் சேருவது தன் நீள ஆன்டெனாவின் மகிமை என்று பெவன் கெல்வினிடம் பீற்றிக்கொண்டு வந்தான்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேடுகள் ஒதுங்கி, காய்ந்த களிமண் வெளி ஒன்று தட்டையாக நீண்டது. பெவன் மைக்கை அதன் கொக்கியில் மாட்டாமல் சீட்டில் போட்டு, அதன் மேல் பிளாஸ்கைச் சாய்த்து வைத்தான். மைக்கின் பொத்தான் அமுங்கியது. ஒருத்தன் பொத்தான் அமுங்கிக் கிடந்தால் அந்த அலைவரிசையில் வேறு யாரும் வாய் திறக்க முடியாது. அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வர வேண்டியதுதான். நீள ஆன்டெனாவைக் குறை சொல்லக் கூடாது. சமவெளியில் அது பிரமாதமாக வேலை செய்தது. பெவன் தொண்டையைச் செருமியதுகூட ஐந்து வண்டிகளுக்கும் கணீரென்று கேட்டது.

முதலில் ஹெட்லிக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியாது என்றான். இரண்டாம் வண்டிக்காரனின் மனைவி வாயாடி என்றான். ஹெட்லி ஹாரன் அடித்தார். பெவன் அதைத் தனக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டு பதிலுக்கு அடித்தான். கோரலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்போது கெல்வின் அவளைப் பற்றிக் கேட்டான்: பரவாயில்லையே, நல்லாத்தானே ஓட்டுறா?

"ஓட்டுறாடா, அதான் பிரச்சினை. அந்த வயரைக் கதவுல வச்சு நசுக்குனது நான்தான். ரெண்டு தரம் ஓங்கி அடிச்சேன். சோதனையில தேறலைன்னா விட்டுடுவாள்னு பார்த்தேன்."

"ஏன்டா இப்படி?"

"தனியா ஒரு தடவை ஓட்டிட்டாள்னா, அப்புறம் என் வண்டியில ஏறுவாளா சொல்லு."

கோரலியின் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிக்கொண்டவன் முட்டாள் என்று நினைத்துத்தான் இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருந்தாள். முட்டாளோடு வாழலாம், அவளுக்குப் பழகிவிட்டது. அவனுக்கு வயர் வேலை நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் செய்திருக்கிறான். அதற்காகத் திட்டு வாங்கியபோது, உருளைக்கிழங்கைப் பிசைந்தபடி அவள் இரக்கத்தையும் வாங்கிக்கொண்டிருக்கிறான். சீ என்று ஆகிவிட்டது அவளுக்கு.

களிமண் வெளி முடிந்து பெரிய மேடு ஒன்று எதிரே வந்தது. பெவன் பிளாஸ்கை நகர்த்தி மைக்கை எடுத்தான். ஒன்றாம் வண்டி ஏறப்போகிறது, எல்லோருக்கும் கேட்கிறதா என்றான். வழக்கமாக இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பதில் வரும். ஒருத்தரும் பேசவில்லை. மறுபடி கேட்டான். ஹெட்லிகூட மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். எல்லோரும் கடைசி வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

கோரலி மைக்கை எடுத்தாள்.

"நல்லாக் கேட்டுச்சு பெவன். சாப்பிட்டுக் கிளம்புனதுலேருந்து உன் மைக் திறந்துதான் இருந்துச்சு. ஒரு வார்த்தை விடாம எல்லாருக்கும் கேட்டுச்சு."

பெவன் முகத்தில் ஈயாடவில்லை என்று பிற்பாடு கெல்வின் ஊரெல்லாம் சொன்னான்.

"உன் வண்டியில மறுபடி ஏறுவேனான்னு கேட்டியே, மாட்டேன். இப்ப நீ மேல ஏறு. உனக்குப் பின்னால அஞ்சு வண்டி நிக்குது."