குப்பைமேட்டில் போட்டு எடுத்த பெயர்

என் தாயாருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அதனால் இவள் பிறந்ததும் முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி எடுத்து வந்து, தவிட்டை விலையாக வாங்கிக்கொண்டு பெற்றவளிடமே கொடுத்தாள். வேண்டாமென்று வீசிய பிள்ளையைச் சாவும் சீண்டாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அன்றிலிருந்து அவள் பெயர் குப்பை. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

அவளுக்கு அந்தப் பெயரில் வெட்கம் இருந்ததில்லை. "என்னைச் சாவு ஒரு தடவ பாத்துட்டு வேணான்னு பூட்சி" என்று களை பறிக்கும்போது சொல்லிச் சிரிப்பாள்.

யுத்த காலத்தில் ஒரு தை மாதம் அவள் செத்துப்போனாள். அந்த வருஷத்து ஆடி அமாவாசைப் படையலுக்கு விழுப்புரத்திலிருந்து ரயிலேறித் திண்டிவனம் போனேன். அங்கே பெரியப்பா மகன் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தார். குடும்பத்துக்கு மூத்தவர் அவர். செத்தவர்களை மூத்தவர்தான் கூப்பிட வேண்டும். உயிரோடு இருந்தபோது கூப்பிட்ட பெயரைச் சொன்னால்தான் இலைக்கு வருவார்கள். இல்லையென்றால் பசியோடு திரும்பிவிடுவார்கள்.

அவர் மகளுக்கு வரன் பார்க்க வம்சாவளி எழுதி வைத்திருந்தார். அந்தத் தாளைப் பார்த்தே கூப்பிட்டார். என் தாயாருக்குப் போட்ட இலைக்கு முன்னால் வந்ததும் ஏதோ ஓர் அம்மன் பெயரைச் சொன்னார்.

நான் சபையில் வாய் திறக்கிறவன் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன். அன்றைக்குக் கேட்டேன்.

"இது யாருண்ணே?"

"உங்கம்மாதான்டா."

"எங்கம்மாவுக்கு இந்தப் பேரு எப்ப வந்திச்சி?"

"நான்தான் போட்டேன். வம்சாவளியில குப்பைன்னு எழுதிக்கினு இருக்க முடியுமா?"

அண்ணி பின்னாலிருந்து, "சம்பந்தி வூட்டாளுங்க பாத்தா எந்த ஊரு குப்பைமேடுன்னு கேப்பாங்க, கொழுந்தனாரே" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெரியப்பாவை ஊரே நொண்டி என்றுதான் கூப்பிட்டது. தாளில் அவருக்குப் 'பெரியதனம்' என்று ஒரு பட்டம் வாலாக ஒட்டியிருந்தது. தன் தகப்பனுக்கு வால் ஒட்டிக்கொள்ளட்டும், எனக்கென்ன? என் தாயாரை உயிரோடு வைத்திருந்த பெயரைச் சுரண்டி எறிய இவர் யார்? கரும்பு வெட்டப் போனால் இந்தப் பெயரைச் சொல்லித்தான் கூலிக்குக் கூப்பிட்டார்கள். செத்தபோது இந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுதார்கள்.

"திரும்பக் கூப்புடுண்ணே" என்றேன்.

"கூப்ட்டாச்சி. கற்பூரம் ஏத்து, ஜல்தி."

என் தாயார் இலையைச் சோற்றோடு தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். எச்சில் இலையும் சாம்பலும் கொட்டுகிற குப்பைமேட்டில் அதை வைத்தேன். பெற்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் எங்களில் கிடையாது. அதுவரை அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை.

"குப்பை, வந்து சாப்புடும்மா."

"நல்ல நாளும் அதுவுமா இன்னாடா பண்ற?" என்று அண்ணன் வாசற்படியிலிருந்து அதட்டினார். நான் திரும்பவில்லை.

அந்தத் தாளில் இன்றைக்கும் அந்த அம்மன் பெயர்தான் இருக்கிறது. அதன் கீழே மகன் என்று என் பெயரை எழுதியிருக்கிறார். அவள் யாரோ. அவளுக்கு நான் பிறக்கவில்லை.